வாளி தூக்காமல் மீன்தொட்டிக்குத் தண்ணீர்



குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு வாளி தூக்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். மீன்களை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார்கள் வீட்டில். ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் வரும் பேரப்பிள்ளைகள் முதலில் ஓடுவதே அந்தத் தொட்டிக்குத்தான். எனக்கு மனம் வரவில்லை.

குழாய்த் தண்ணீரைத் திறந்து வைத்தால் ஒரு நாளில் குளோரின் போய்விடும். அதற்காக வைத்திருந்த, மேல்வாய் அறுத்த 50 லிட்டர் சதுர கேனை உறுதியான ஸ்டூலில் ஏற்றினோம். ஹோஸ் போட்டு நிரப்பிக்கொள்ளலாம். அடியிலிருந்து 2 அங்குலம் மேலே துளை. வண்டல் கீழேயே தங்கும். டேங்க் நிப்பிள், பிளாஸ்டிக் பால் வால்வு, டியூப். (பித்தளை வேண்டாம், அதில் செம்பு இருக்கிறது.)

கசிந்தால் எல்லோரும் எம்சீலைத் தேடுகிறார்கள். ஒன்றரை அடி தண்ணீரின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் 100-இல் 5 பங்குகூட இல்லை. ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் போட்டோமே! கசிவது வாஷர் சரியாகப் படியாததால்தான். சமமான பக்கத்தில் துளையிட்டு, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, ரப்பர் வாஷரை உள்பக்கம் போடுங்கள். நட்டைக் கையால் இறுக்கியபின் ஸ்பேனரில் கால் சுற்று போதும். மேலும் இறுக்கினால் வாஷர் பிதுங்கிவிடும். வால்வு மரையில் டெஃப்லான் டேப்பை, திருகும் திசையிலேயே சுற்றுங்கள்.

ராத்திரி முழுக்க அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தோம். காலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. இப்போது நான் வெளியூர் போனாலும் டீச்சரம்மாவே வால்வைத் திறந்து தண்ணீர் விட்டுவிடுகிறார்.