விழவும் தெரிய வேண்டும்

பத்தாம் வகுப்பு மாணவி

"மல்லுக்கட்டாதே!" இந்தச் சொல்லைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை எங்கள் கோட்டையூரில் ஒருவர்கூட இருக்க முடியாது. தம்பியோடு போர்வைக்குச் சண்டை போட்டாலும், இறுகிப்போன ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருகினாலும் பெரியவர்கள் வாயிலிருந்து வருவது இந்தச் சொல்தான். அப்படிப்பட்ட வீட்டில் நான் போய், "பள்ளிக்கூடத்தில் ஜூடோ சொல்லிக் கொடுக்கிறார்கள், நானும் சேரட்டுமா?" என்று கேட்டேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"பொம்பளப்புள்ளைக்கு மல்லுக்கட்டு ஒரு படிப்பாடி? கீழ விழுந்து கையக் கால ஒடிச்சுக்கிட்டா என்ன பண்ணுவ?"

அப்பத்தாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. சென்ற ஐப்பசி மழையில் முற்றத்தில் வழுக்கி விழுந்தபோது கையை ஊன்றிவிட்டார். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தார். அப்பாதான், "சேரட்டும் ஆத்தா, மார்க் குறைஞ்சா நிறுத்திடுவோம்" என்று முடித்து வைத்தார்.

மற்போர் நமக்குப் புதிதன்று. பழைய நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்த ரோஜா முத்தையா வாழ்ந்த ஊர் எங்கள் ஊர். அவர் சேர்த்தவை இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றன. அந்த ஊர்ப்பெண் நூல்களைப் புரட்டாமல் இருக்கலாமா? தமிழம்மாவிடம் கேட்டேன். புறநானூற்றில் 80-ஆம் பாட்டை எடுத்துக் காட்டினார். போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்பவன் ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் அதில் பாடியிருக்கிறார். ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்த, மறு கால் அவன் சூழ்ச்சியைத் தடுக்கிறதாம்! நக்கண்ணையார் என்ற பெண்பாற்புலவரும் அதே கிள்ளியைப் பாடியிருக்கிறார். மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த முதலாம் நரசிம்மவர்மப் பல்லவனும் 'மாமல்லன்' என்றே அழைக்கப்பட்டான். அன்று பெண் பார்த்தாள், பாடினாள். இன்று பெண்ணே களத்தில் இறங்குகிறாள். அவ்வளவுதான் வேறுபாடு!

ஜூடோ என்றால் ஜப்பானிய மொழியில் 'மென்மையின் வழி' என்று பொருள். அதை 1882-ஆம் ஆண்டு தோக்கியோவில் தொடங்கிய ஜிகோரோ கானோ ஓர் ஆசிரியர். மாணவப் பருவத்தில் மெலிந்த உடல் கொண்டவராய், முரட்டுப் பையன்களிடம் துன்பப்பட்டவர். வலிமை குறைந்தவன் வலியவனை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்விதான் அவரை இந்தக் கலைக்கு அழைத்து வந்தது.

முதல் நாள் நான் என்னவெல்லாமோ கற்பனை செய்துகொண்டு போனேன். வகுப்பில் உயரமானவளைத் தோளுக்கு மேலே தூக்கி எறிவது போல! ஆனால் உடற்கல்வி டீச்சர் சொன்னது இதுதான்: "இரண்டு வாரத்துக்கு யாரும் யாரையும் தூக்கிப் போடப் போவதில்லை. நீங்களாகவே விழப் போகிறீர்கள்."

எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அந்த இரண்டு வாரம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்று இப்போது அறிகிறேன். அடுத்த ஆண்டு சேரப்போகும் தங்கைகளுக்காக நான் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு வீட்டில் தம்பியிடம் முயன்று பார்க்க வேண்டாம். டீச்சர் முன்னிலையில் விரிப்பின் மேல்தான் பழக வேண்டும்.

விரிப்பில் ஏறுமுன் நகத்தை வெட்டு. தோடு, கொலுசு, மோதிரம், தலையூசி எல்லாவற்றையும் கழற்றி வை. பின்னோக்கி விழும்போது மோவாயை மார்போடு சேர்த்து, இடுப்புப் பெல்ட்டின் முடிச்சைப் பார். தலை தரையில் மோதாது. கையை ஊன்றாதே. உடல் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கிவிடும் (அப்பத்தாவுக்கு நேர்ந்தது இதுதான்!). முதுகை வளைத்து உருண்டு, உள்ளங்கை கீழே இருக்கும்படி முழுக் கையாலும் விரிப்பை ஓங்கித் தட்டு. அடி ஓரிடத்தில் தாக்காமல் பரவிப் போய்விடும். விழும்போது மூச்சை வெளியே விடு.

நிற்கும்போது முழங்கால் சற்று மடங்கியிருக்கட்டும். காலைத் தூக்கி வைக்காமல் சறுக்கி நகர்த்து. இரு கால்களையும் பின்னலாக வைத்தால் நீயே விழுந்துவிடுவாய். ஒரு கையால் எதிராளியின் சட்டைக் கையையும், மறு கையால் கழுத்துப் பட்டையையும் பற்று. ஆனால் கைகளைக் கட்டைபோல் விறைக்காதே. அவள் தள்ளினால் நீ இழு, அவள் இழுத்தால் நீ தள்ளு. அவளுடைய பலமே அவளைச் சாய்க்கும். கீழே மாட்டிக்கொண்டால் மல்லாந்தே கிடக்காமல் ஒரு பக்கமாகத் திரும்பு. முழங்கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இறால் வளைவது போல இடுப்பை வளைத்துப் பின்னுக்கு நகர்ந்து வெளியே வா.

எல்லாவற்றிலும் முக்கியமானது தட்டுதல். தாங்க முடியாவிட்டால் எதிராளியின் உடம்பிலோ விரிப்பிலோ இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டினால் 'போதும், விடு' என்று பொருள். தட்டிய அந்த நொடியே பிடியை விட்டுவிட வேண்டும். இதில் 'ஆனால்' என்ற பேச்சே கிடையாது.

இந்த விதியைத்தான் நான் மீறினேன்.

அன்று என் நெருங்கிய தோழியோடு பயிற்சி. நான் குள்ளம், அவள் என்னைவிட ஒரு சாண் உயரம். அதுவரை ஒருமுறைகூட அவளை நான் வென்றதில்லை. அன்று எப்படியோ அவளைச் சாய்த்து, கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, மார்பின் மேல் சாய்ந்து அழுத்திப் பிடித்துவிட்டேன். இப்படி 20 விநாடி பிடித்திருந்தால் முழு வெற்றி. சுற்றி இருந்தவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். பத்து, பதினொன்று... அவள் என் முதுகில் தட்டினாள். எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் 20 வரை எண்ணிக் கேட்க வேண்டும் என்ற ஆசை! மீண்டும் தட்டினாள். டீச்சர் ஓடி வந்து என்னை விலக்கினார்.

அவள் மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்து அழுதாள். வலியால் அன்று. "தட்டினேனே, உனக்குத் தெரியலையா?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. டீச்சர் என்னைத் திட்டவில்லை. "பலசாலியோடு பழகலாம். நம்ப முடியாதவளோடு யாரும் பழக மாட்டார்கள்" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

ஐந்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு வேளையில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆறாம் நாள் நானே போய், "எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் விடவில்லை. என்னை மன்னித்துவிடு" என்றேன். உண்மையைச் சொல்வது, உயரமானவளைச் சாய்ப்பதைவிடக் கடினமாக இருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் என்னை விரிப்புக்கு அழைத்துப் போனாள். ஒரே நிமிடத்தில் என்னைக் கீழே தள்ளி, அதே பிடியைப் போட்டாள். நெஞ்சு இறுகியது. பயத்தோடு ஒரு முறை தட்டினேன். இரண்டாவது முறை தட்டுவதற்குள் அவள் கை விலகியிருந்தது.

அன்று தோற்றது நான்தான். ஆனால் அன்றுபோல நிம்மதியாக நான் வீடு திரும்பியதில்லை.

2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் சாக்‌ஷி மாலிக் வெண்கலப் பதக்கப் போட்டியில் 0-5 என்று பின்தங்கியிருந்து, 8-5 என்று வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை அவரே. கானோவிடமே பயின்ற கெய்கோ ஃபுகுடா ஐந்தடிக்கும் குறைவான உயரமுடையவர். 2011-இல் தம் 98-ஆம் வயதில் அமெரிக்க ஜூடோ அமைப்பிடமிருந்து பத்தாம் படியைப் பெற்றார். அந்தப் படியை எட்டிய முதல் பெண்மணி அவர். இவர்களெல்லாம் எத்தனை ஆயிரம் முறை விழுந்திருப்பார்கள்! எத்தனை முறை தட்டியிருப்பார்கள்!

சென்ற வாரம் அப்பத்தா திடீரென்று, "எங்கடி, எப்படி விழறதுன்னு காட்டு" என்றார். கூடத்தில் மெத்தையை விரித்து, மோவாயைச் சேர்த்து, உருண்டு, படீரென்று தட்டி விழுந்து காட்டினேன். அப்பத்தா முறிந்து கூடிய தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "இத எனக்கு அப்பவே யாரும் சொல்லித் தரலையே" என்றார்.

தங்கைகளே, வாழ்க்கையில் விழாதவர் யாருமில்லை. எலும்பு முறியாமல் விழவும், வெட்கப்படாமல் தட்டவும், பிறர் தட்டும்போது உடனே விடவும் கற்றுக்கொள்வோம். அதன்பின் எழுந்து நிற்பது தானே வரும்.