கிரைண்டர் பெல்ட்டும் அப்பாவின் காதும்

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது எங்கள் வீட்டு கிரைண்டர் நின்றுபோனது. நின்றுபோனது என்பதுகூடச் சரியில்லை. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது, கல்தான் சுற்றவில்லை. ரப்பர் தீய்ந்த வாடை வேறு. அம்மா சுவிட்சை அணைத்துவிட்டு, ஊறிக் கிடந்த நாலு கிலோ அரிசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

2003இல் சிராங்கூன் ரோட்டில் வாங்கிய கோயம்புத்தூர் கிரைண்டர் அது. சாய்த்து மாவை வழிக்கும் பழைய வகை. முதல் வெட் கிரைண்டரை 1955இல் கோவையில் பி. சபாபதி என்பவர் உருவாக்கியதாகச் சொல்வார்கள். இன்று அந்த ஊர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. அங்கும் இங்கும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் பிளக்கை மட்டும் மாற்றி இத்தனை வருடம் ஓட்டிவிட்டோம். கடைக்குப் போன் செய்தேன். “அந்த மாடலுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் கிடைக்காதும்மா, புதுசு எடுத்துக்குங்க” என்றார்கள். நானும் கைப்பேசியில் விலை பார்க்க ஆரம்பித்தேன்.

அப்பா வந்து கிரைண்டரைச் சாய்த்து அடியில் எட்டிப் பார்த்தார். “பெல்ட்டுதான்” என்றார்.

அப்பா தீவின் வடக்கே ஒரு கோல்ஃப் திடலில் 26 வருடம் புல்வெட்டும் வண்டி ஓட்டியவர். உட்கார்ந்து ஓட்டும் வண்டி. சின்ன வயதில் தோழிகளிடம் “எங்கப்பா டிராக்டர் ஓட்டுறார்” என்று கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிக்கொள்வேன். இங்கே வருடம் முழுக்க மழை, வருடம் முழுக்கப் புல். அந்த வண்டியில் ஒரு பெல்ட் கத்திகளைச் சுழற்றும், இன்னொன்று சக்கரத்துக்குப் போகும். இரண்டாவது அறுந்தால் இன்ஜின் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும், வண்டி நகராது. திடல் நடுவில் வெயிலில் மல்லாந்து படுத்து பெல்ட் மாற்றிய கதையெல்லாம் வீட்டில் பிரசித்தம். கழற்றுவதற்கு முன்னால் பெல்ட் எந்தெந்த உருளையைச் சுற்றிப் போகிறது என்று சாக்பீஸால் தரையில் படம் போட்டுக்கொள்வாராம்.

கிரைண்டரில் அவ்வளவு சிக்கல் இல்லை. மோட்டாரில் ஒரு சின்ன சக்கரம், கல்லுக்கு அடியில் ஒரு பெரிய சக்கரம், அவ்வளவுதான். அப்பா முதலில் பிளக்கைப் பிடுங்கித் தன் சட்டைப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அறுந்த பெல்ட்டில் எண் அழிந்திருந்தது. அதையே அளந்துகொண்டு போகலாமே என்றேன். “இழுத்து இழுத்து நீண்டிருக்கும், அந்த அளவை நம்பாதே” என்று, ஒரு சணல் கயிற்றை இரண்டு சக்கரத்தின் பள்ளத்திலும் சுற்றி முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் தேக்காவில் இறங்கி, சையது ஆல்வி ரோடு வழியாக ஜாலான் புசார் பக்கம் நடந்தோம். முன்பெல்லாம் இந்த மாதிரி சாமானுக்கு அப்பா சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குத்தான் போவார். 2017 ஜூலையில் அது மூடப்பட்டதில் அவருக்கு இன்னும் வருத்தம். டெர்விட் ரோட்டில் இரும்புக்கடைப் பெயரை முகப்பில் வைத்துக்கொண்டு காப்பி விற்கும் கடையில் நானே பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். நிஜ இரும்புக்கடைக்குள் போனது அன்றுதான்.

சுவர் நிறைய கறுப்பு பெல்ட்டுகள் மாலை மாலையாகத் தொங்கின. கடைக்காரச் சீனப் பெரியவர் கயிற்று முடிச்சைப் பார்த்துச் சிரித்தார். ‘ஏ’ என்றால் அரை அங்குல அகலம், பக்கத்தில் இருக்கும் எண் உள்சுற்றளவு அங்குலத்தில் என்று எனக்கு விளக்கினார். பிறகு அறுந்த பெல்ட்டின் பக்கவாட்டைத் தடவிக் காட்டினார், கண்ணாடி மாதிரி பளபளத்தது. இந்த பெல்ட் பிடிப்பது அடியால் இல்லை, இரண்டு பக்கத்தாலும்தான். தளர்ந்து வழுக்கினால் சூடேறி இப்படி மினுங்கிவிடும்.

“அறுவதற்கு முன்னால் கத்தியிருக்குமே?” என்று மலாயில் கேட்டார்.

“சத்தமே இல்லை” என்றார் அப்பா.

நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “ரெண்டு வாரமா கீச்சு கீச்சுன்னு கத்துச்சேப்பா. அம்மா காதைப் பொத்திக்கிட்டு அரைச்சாங்க. நீங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய பெல்ட்டுகளைப் பார்த்தார். எட்டு வெள்ளியை எடுத்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் நான் எதுவும் பேசவில்லை. பேசுவதே தொழிலாக உள்ள எனக்கு அது பெரிய காரியம். இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு மெல்லிய உயர்ந்த ஒலிகளைத்தான் முதலில் கொண்டுபோகும். உறுமல் கேட்கும், கீச்சொலி கேட்காது. பேச்சிலும் ச, ஸ, ஃப போன்ற எழுத்துகள் நழுவிவிடும். போனது திரும்பி வராது. சிங்கப்பூர் வேலையிடங்களில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் வரம்பு என்று ஒரு சிறப்பு நிகழ்ச்சிக்காக நானே எழுதி வாசித்திருக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்து “கேட்டீங்களாப்பா?” என்றதற்கு, “கேட்டேன், நல்லா இருந்துச்சு” என்றார். எல்லா நிகழ்ச்சிக்கும் அதே பதில்தான். ஒருநாளாவது, எது நல்லா இருந்தது என்று கேட்டிருக்கலாம்.

வீட்டில் அப்பா சக்கரப் பள்ளத்தில் காய்ந்திருந்த மாவைப் பழைய பல் துலக்கியால் சுரண்டினார். மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. “பெல்ட்டு சும்மா அறாது, பார்த்தியா.” மோட்டாரை உள்ளே தள்ளி பெல்ட்டை மாட்டினோம். நான் திருப்புளியால் நெம்பப் போனபோது கையைத் தட்டிவிட்டார். நெம்பினால் உள்ளிருக்கும் நூல் அறுந்துவிடுமாம். பள்ளிக்கால ஸ்டீல் அடிக்கோலை வைத்து இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்த்தார். மோட்டாரை வெளியே இழுத்து, பெல்ட்டின் நடுவில் பெருவிரலால் அழுத்தினார். அரை சென்டிமீட்டர் இறங்கியது.

போல்ட்டை முறுக்கிக்கொண்டே, முகத்துக்கு நேராகக் கேட்டேன். “வேலையில காதுக்கு ஒண்ணும் கொடுக்கலையாப்பா?”

“கொடுத்தாங்க. ஆரம்பத்துல போட்டுக்கிட்டேன். வண்டிக்குக் கோளாறுன்னா காதுலதானே முதல்ல தெரியும்? அதை அடைச்சுட்டா பெல்ட்டு வழுக்குறது எப்படித் தெரியும்? கழற்றி வெச்சுட்டேன்.”

“நான் ரேடியோவுல பேசறது?”

“நீ பேசறது தெரியும். என்ன பேசறேன்னுதான்...”

அம்மா அரிசியை அள்ளிப் போட்டார். அப்பா சட்டைப் பையிலிருந்து கையை எடுத்து, பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டுவிட்டு கிரைண்டரின் உடம்பில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். “இன்னும் ஒரு நூல் இழுக்கணும்” என்று நிறுத்தினார். எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. இழுத்தோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பலதுறை மருந்தகத்தில் அவருக்கு முன்பதிவு செய்திருக்கிறேன். அங்கிருந்து செவித்திறன் சோதனைக்கு அனுப்புவார்கள். வருவதாக அப்பா இன்னும் சொல்லவில்லை. அட்டையை மட்டும் வாங்கி, மிச்சமிருந்த சணல் கயிற்றோடு மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறார்.