பள்ளத்தாக்கைப் பார்த்த வீடு

பாலித் தீவின் நடுவே, உபுத் என்னும் ஊரைச் சூழ்ந்த கிராமங்களில், நீண்ட புல்லால் வேய்ந்த உயர்ந்த கூரையும், சுவரில்லாத விசாலமான கூடமும், பள்ளத்தாக்கின் விளிம்புவரை நீர் தளும்பி நிற்கும் குளமும், திரும்பிய பக்கமெல்லாம் சிலைகளும் சித்திரங்களுமாக விளங்கும் உல்லாச வாசஸ்தலங்கள் பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் ஒரு நண்பரின் தயவால் தங்கியிருந்தபோது, "எங்கள் முன்னோர் வாழ்ந்த முறை இதுதான்" என்று அங்கிருந்த பணியாளர் உபசாரமாகச் சொன்ன வார்த்தை என் மனத்தை விட்டு அகலவில்லை. நெல் விளைத்தவர்களும் கல் செதுக்கியவர்களும் இப்படியா வாழ்ந்தார்கள் என்று அறிய விரும்பி, இந்த அமைப்பின் மூலத்தைத் தேடலானேன்.

முதலில் சென்றது அக்கம்பக்கத்துக் கிராம வீடுகளுக்கு. நாற்புறமும் மதில் சூழ்ந்த மனை. ஓர் ஆள் நுழையுமளவு குறுகிய வாயில். வாயிலைத் தாண்டியதும், துஷ்ட சக்திகள் நேரே உள்ளே பாயாதபடி மறித்து நிற்கும் ஒரு குறுஞ்சுவர். அதைச் சுற்றிச் சென்றால் முற்றம். முற்றத்தின் ஓரங்களில் தனித்தனியே சிறு மண்டபங்கள். மலை தெய்வங்களுக்கு உரிய திசையாதலால் குடும்பக் கோயில் அந்தப் பக்கம் அமைய, அடுக்களையும் பன்றிப்பட்டியும் கடல் நோக்கிய தாழ்ந்த பக்கம் போய்விடுகின்றன. தூணின் உயரத்தையும் மண்டபங்களின் இடைவெளியையும், வீட்டுத் தலைவனுடைய கை நீளத்தையும் அடியளவையும் கொண்டு, உந்தாகி எனப்படும் ஸ்தபதி நிர்ணயிக்கிறார். ஆதலால் அங்கே வீடு என்பது மனிதனுடைய சரீரத்துக்கும் மலைக்கும் பொருந்துவதேயன்றி, வெளியே உள்ள காட்சிக்குப் பொருந்துவதன்று. ஆற்றுப் பள்ளத்தாக்கோ, குளிப்பதற்கு இறங்கும் இடம். ஆவிகள் உறையும் இடமென்று அஞ்சப்படுவதும் அதுவே. அதன் விளிம்பில் குடியிருக்க எந்தக் கிராமத்தானும் ஆசைப்பட்டிருக்க மாட்டான். நீச்சல் குளத்தை எந்தத் திசையில் வெட்டுவது என்று அவர்களுடைய சாஸ்திரத்தில் விதியும் இல்லை.

அப்படியானால் பள்ளத்தாக்கை நோக்கி வீட்டைத் திருப்பியது யார்? இந்தக் கேள்வி என்னை உபுத்துக்கு மேற்கே, இரண்டு ஆறுகள் கூடும் சம்புஹானுக்கு அழைத்துச் சென்றது. அந்தச் சங்கமத்தில் குனுங் லெபா என்ற பழைய கோயில் இருக்கிறது. அதற்கு அடியிட்டவர் மார்க்கண்டேய ரிஷி என்பது பாலி மக்களின் ஐதிகம். திருக்கடையூரை அறிந்த நமக்கு அந்தப் பெயரை அங்கே கேட்பதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. கோயிலுக்கு அருகே, சரிவின்மேல்தான், மாஸ்கோவில் 1895இல் பிறந்த ஜெர்மானியச் சித்திரக்காரரும், ஜாவாவில் யோக்யகர்த்தா சுல்தானுடைய மேனாட்டு வாத்திய கோஷ்டியை நடத்தியவருமான வால்டர் ஸ்பீஸ், 1927இல் உபுத்துக்குக் குடிபெயர்ந்தபின், புல்லும் மூங்கிலும் மரமும் கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்தபடி தமக்கொரு வீடு கட்டிக்கொண்டார். விருந்தினருக்கு இடமும், நீராடக் குளமும் அங்கே இருந்தன. சார்லி சாப்ளின், நாவலாசிரியை விக்கி பாம், மானிடவியல் அறிஞர் மார்கரெட் மீட் ஆகியோர் அவரை நாடி வந்தனர். சில ஆண்டுகளில் கனடாவில் பிறந்த சங்கீத விற்பன்னர் கொலின் மக்ஃபீயும் சயான் கிராமத்தில் ஆயுங் நதியின் பள்ளத்தாக்கு விளிம்பிலேயே வீடு கட்டினார். இன்றைய உல்லாச விடுதிகளுக்கெல்லாம் இந்த இரண்டு வீடுகளே மூலப்பிரதி என்பது என் துணிபு. ஸ்பீஸ் இருந்த இடம் இப்பொழுது ஒரு விடுதியின் வளாகத்துக்குள் அடங்கிவிட்டது.

சுவரில் தொங்கும் சித்திரங்களின் வரலாறும் இதே ஊற்றைச் சேர்ந்தது. இதிகாசக் கதைமாந்தரை நிழற்கூத்துப் பாவைகளின் சாயலில் தீட்டிவந்த பழைய மரபிலிருந்து, வயலையும் சந்தையையும் தீட்டும் புதிய மரபு 1930களில் தழைத்தபோது, உபுத் அரச குடும்பத்தைச் சேர்ந்த சொக்கோர்டா கெடே அகுங் சுகவதியும், ஸ்பீஸும், டச்சு ஓவியர் ருடால்ஃப் போனேயும், கைதேர்ந்த உள்ளூர்க் கலைஞர் லெம்பாடும் சேர்ந்து 1936இல் பிதா மஹா என்ற சங்கத்தை நிறுவினார்கள். தரமான படைப்புகளைத் தெரிந்தெடுத்து விற்க வழிசெய்த சங்கம் அது. 1956இல் திறக்கப்பட்ட புரி லுகிசான் கலைக்கூடத்தில் அந்தக் காலத்துச் சித்திரங்களைக் காணலாம். ஸ்பீஸ் அதைக் காணவில்லை. யுத்தத்தில் ஜெர்மானியரென்று சிறைப்பட்டு, 1942 ஜனவரியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டபோது, ஜப்பானிய விமானம் குண்டு வீச, கப்பலோடு மூழ்கிப்போனார்.

ஆயினும் இந்தக் கதையைச் சித்திரக்காரரோடு தொடங்குவது நியாயமன்று. 1906இல் டச்சுப் படை பாலியின் படூங் ராஜ்யத்தின்மேல் வந்தபோது, அரசனும் பரிவாரமும் வெள்ளாடை உடுத்தி, அடிபணிவதினும் மடிவதே மேலென்று எதிரே நடந்து உயிர் நீத்தார்கள். அந்த அபகீர்த்தியைத் துடைக்க முயன்ற ஆட்சியாளர், பின்னர் பாலியின் பழமையைக் காப்பவர்களாக வேஷம் பூண்டார்கள். பிரயாணிகளை அழைக்கவும் செய்தார்கள். டச்சுக் கப்பல் கம்பெனி 1928இல் தென்பசாரில் திறந்த ஹோட்டல், அந்தச் சாவு நிகழ்ந்த இடத்தை அடுத்தே எழுந்தது.

பிற்காலத்தில் வந்தவர்களில் விவேகிகளும் உண்டு. 1989இல் ஆஸ்திரேலியக் கட்டடக் கலைஞர் பீட்டர் முல்லர் கெடேவதானில் அமைத்த அமன்தாரி விடுதியில், கிராமத்தார் ஆற்றங்கரைப் புண்ணிய இடத்துக்கு ஊர்வலமாகச் செல்லும் பழைய பாதையை அடைக்காமல் விடுதியின் ஊடாகவே விட்டிருக்கிறார்கள். அதைப் பின்பற்றாமல், நெற்குதிரின் கூரையை மட்டும் பிரதி செய்து, அதன் கீழே கட்டிலைப் போட்டவர்களே அதிகம்.

இவ்வளவும் தேடியபின், அறைக்கு வாடகை தருவது எதற்காக என்று யோசித்தால், கூரைக்காக அன்று, எதிரே அடுக்கடுக்காக இறங்கும் பசிய வயலுக்காகவே என்று தெரிகிறது. அந்த வயலைச் சமைத்ததும் காப்பதும் சுபாக் என்னும் உழவர்களின் நீர்ச் சங்கங்கள்; பாலியில் ஆயிரம் ஆண்டுகளாக நடந்துவரும் இம்முறைக்குச் சான்றான நிலப்பகுதிகளை யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியமாக ஏற்றது. விடுதியின் வருமானத்தில் ஒரு பங்கு அந்தச் சங்கத்துக்குச் சேர்வதே நியாயம். உபுத்தில் தங்கப்போகும் நம்மவர்கள், அறையை அமர்த்துமுன், உங்கள் வயலின் சுபாக்குக்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டுகிறேன்.