வெள்ளைப் பிளக்

கறுத்த பிளக்கைக் கண்டு பதறுகிறவர்கள், வெளுத்த பிளக்கைக் கண்டால் நிம்மதி அடைகிறார்கள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பதற வேண்டியது வெள்ளைக்குத்தான்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர், எல்லயில் வெல்லவாய வீதியோரம் கராஜ் வைத்திருந்த ஒரு பாஸ். பொத்துவில் கரையில் மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களோடு பல வருடங்கள் கிடந்துவிட்டு மலை ஏறியவர். ஓட்டோவானாலும் படகானாலும் அவருக்கு ஒரே வைத்தியம்தான்.

இந்த வகை எஞ்சினுக்குத் தனியே எண்ணெய்த் தொட்டி வழியாக உயவு கிடைப்பதில்லை. ஏறக்குறைய ஐம்பது பங்கு எரிபொருளில் ஒரு பங்கு எண்ணெய் கலந்து ஊற்றுகிறோம். உயவு அதனோடுதான் உள்ளே போகிறது. ஆகவே சிக்கனத்துக்காக எரிபொருளைக் குறைப்பவர் எண்ணெயையும் குறைக்கிறார். கலவை மெலிந்தால் சூடு ஏறுகிறது, சூடு ஏறிய நேரத்தில் உயவு இல்லை. பிளக் சுண்ணாம்பாக வெளுக்கும். அதன் பீங்கானில் மின்னும் சிறு துணுக்குகள் ஒட்டியிருந்தால், அவை உருகத் தொடங்கிய பிஸ்டனின் அலுமினியம். கறுப்பு வேறு கதை. உலர்ந்த கரி என்றால் எரிபொருள் மிகுதி, ஈரக் கறுப்பு என்றால் எண்ணெய் மிகுதி. எஞ்சின் தடுமாறும், ஆனால் துடைத்துப் போட்டால் வீடு வந்து சேரலாம். நல்ல நிறம் எது என்று கேட்டால், நம் ஊர்ப் பால்தேநீர் நிறம் என்பார். (2002இல் ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் நிறுத்தப்பட்ட பின் அந்த நிறம் மங்கலாகவே படிகிறது. பழைய கையேட்டுப் படங்களோடு ஒப்பிட்டால் குழப்பம்தான்.)

எப்போது கழற்றிப் பார்ப்பது என்பதும் முக்கியம். நின்ற இடத்தில் உறுமிய எஞ்சினின் பிளக் எப்போதும் கறுப்புத்தான் காட்டும். பாரத்தோடு, முழு வேகத்தில் சில நிமிடங்கள் ஓட்டி, அப்படியே அணைத்துக் கழற்ற வேண்டும். சாட்சியைச் சம்பவ இடத்திலேயே விசாரிப்பது போல, என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

எல்ல கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. காற்று மெலிவு, அதே காபுரேட்டர் இங்கே அதிக எரிபொருளைக் கொடுத்தது போலாகி, பிளக் கறுக்கும். ஊசியை ஒரு படி இறக்கச் சொல்லி ஓட்டோக்காரர்கள் வருவார்கள். பாஸ் திருப்புளியை எடுக்குமுன் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, வண்டி எங்க ஓடுது?" எல்லயிலிருந்து வெல்லவாய வரை ஏறக்குறைய எண்ணூறு மீற்றர் இறக்கம். மலைக்குச் சரியாக்கிய கலவை அங்குள்ள கனத்த காற்றில் மெலிந்துவிடும். சமதரை வீதியில் முழு வேகத்தில் போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மரக்கறி ஏற்றிக் கீழே போகிறவன் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். கடன் வாங்கி வண்டி எடுத்த தோட்டத்துப் பையன்கள் அவரைத் திட்டிக்கொண்டே போனதையும் பார்த்திருக்கிறேன்.

வீதியில் எஞ்சின் பிடித்தால் கயிறு கட்டி இழுக்கலாம். கடலில் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு சிலிண்டர் இயந்திரத்தில் இரண்டு பிளக்கையும் கழற்றி அருகருகே வைக்க வேண்டும் என்பார். ஒன்று தேநீர் நிறம், மற்றது வெள்ளை என்றால் குற்றம் பொதுவான எரிபொருளில் இல்லை. வெளுத்த சிலிண்டர் பக்கம் எங்கோ காற்றுக் கசிகிறது, அல்லது அதன் ஜெட் அடைத்திருக்கிறது. இரண்டுமே வெளுத்திருந்தால், குளிர்விக்கும் நீர் வரும் வழியில் மணலோ பாசியோ என்று முதலில் பார்க்கச் சொல்வார்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. மண்ணெண்ணெயில் ஓடும் படகுகளுக்குக் கலவையை மெலிய வைக்கும் ஆசை எவ்வளவு வலுத்திருக்கும் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை.

இரண்டு ஸ்ட்ரோக் ஓட்டோக்களின் இறக்குமதி 2008இல் நிறுத்தப்பட்டது. எல்லயில் இன்று அந்த நீலப் புகை அருமை. கிழக்குக் கரையில் நான் ஏறிய ஒரு படகில், பொலித்தீனில் இறுகச் சுற்றிய இரண்டு புதுப் பிளக்குகளும் ஒரு பிளக் சாவியும் அணியத்தில் கட்டித் தொங்கின.