எழுதுகிறவளின் கூலி

வீட்டிலிருந்தபடியே எழுதிச் சம்பாதிக்கலாம் என்றால் நம் பெண்களில் பலருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் "எவ்வளவு தருவீர்கள்? எப்போது தருவீர்கள்?" என்று முன்கூட்டிக் கேட்கச் சொன்னால் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நாங்கள் நயினாதீவுக்காரர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் போய், 2009இல் போர் முடிந்த பின் திரும்பிய குடும்பம். என் தம்பி கொழும்பில் கடைகளுக்கும் சிறு கம்பனிகளுக்கும் இணையத்தளம் வடிவமைத்துக் கொடுக்கிறான். அந்தத் தொழிலை வாடிக்கையாளருக்கு எளிய தமிழில் விளக்கும் கட்டுரைகள் அவனுக்குத் தேவைப்பட்டன. "ராத்தா, உங்களிட்டப் படிச்ச பிள்ளைகளில எழுதக்கூடிய ஆக்களைப் பார்த்துத் தாங்கோ" என்றான்.

மூன்று பேரைக் கேட்டேன். ஒருத்தி எங்கள் மாமி வீட்டுப் பெண். ஒருத்தி ஊர்காவற்றுறையில் இருக்கும் கத்தோலிக்கச் சகோதரி. மற்றவள் நெடுந்தீவு இந்துப் பிள்ளை. கடல் கடந்து யாழ்ப்பாணம் போய் வேலை பார்ப்பது எங்கள் தீவுப் பெண்களுக்கு எளிதல்ல. குறிகட்டுவான் படகைத் தவறவிட்டால் அன்றைய நாளே போய்விடும்.

மூவருக்கும் ஒரே கேள்வி கொடுத்தேன்: பழைய தமிழ்க் கோப்பு ஒன்றை வேறு கணினியில் திறந்தால் ஏன் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது? பாமினி எழுத்துருவில் 'அ' என்பது ஆங்கில 'எம்' எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினிக்கு அது வெறும் 'எம்'தான். யூனிகோட் முறையிலோ தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. அதனால்தான் தேடும்போதும் அகப்படுகிறது. நெடுந்தீவுப் பிள்ளை இதை, வேறொருவர் வீட்டு முகவரியில் குடியிருப்பவருக்கு வரும் கடிதத்தோடு ஒப்பிட்டு எழுதியிருந்தாள். கணினி தெரியாத என் மச்சிக்கும் விளங்கியது. எழுத்தாளரைத் தெரிவு செய்ய இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

மாதிரிக்கு எழுதியதற்கும் பணம் கொடுக்க வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் தயங்கினான். "வீட்டில சும்மா இருக்கிற பிள்ளைகள்தானே ராத்தா, கொஞ்சம் குறைச்சுப் பேசுங்கோ" என்றான்.

"வீட்டில் இருக்கிறவள் சும்மா இருக்கிறாள் என்று உனக்கு யார் சொன்னது? பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, இரவில் கண் விழித்து எழுதுகிறாள். கொழும்பில் ஓர் ஆண் எழுதினால் இந்தக் கேள்வியைக் கேட்பாயா?" என்றேன்.

ஊர்காவற்றுறைச் சகோதரி முன்பு வேறோர் இடத்துக்கு 'மாதிரி' என்ற பெயரில் ஆறு கட்டுரைகள் எழுதிக் கொடுத்தவள். அதன் பிறகு அவர்களிடமிருந்து பதிலே வரவில்லை. ஒரு துண்டுக் கடிதம்கூடக் கையில் இல்லாததால், யாரிடமும் முறையிட அவளுக்கு வழியிருக்கவில்லை.

குர்ஆனின் மிக நீளமான வசனம் அல்பகரா 282. தவணை குறித்த கடனை, சிறிதாயினும் பெரிதாயினும் சலிக்காமல் எழுதி வைக்கச் சொல்கிறது அது. எழுதுபவருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. ஒப்படைத்த கட்டுரைக்குக் கொடுக்காத பணமும் கடன்தானே! கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும் தம்பிக்கு நினைவூட்டினேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை.

ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதினோம். கட்டுரைக்கு எத்தனை சொல், எவ்வளவு பணம், ஒப்படைத்த ஏழு நாளில் வங்கியில் போடுவது, இரண்டு முறைக்கு மேல் திருத்தம் கேட்டால் தனிக் கூலி, கட்டுரையின் கீழ் எழுதியவர் பெயர், பிறர் எழுத்தை நகல் எடுக்காமலும் இயந்திரத்தை எழுத வைக்காமலும் இருப்பது. கடைசி நிபந்தனை தம்பியுடையது. அதுவும் நியாயமே.

அல்ஹம்துலில்லாஹ், முதல் மாதப் பணம் சொன்ன தேதிக்கே வந்தது. மாமி வீட்டுப் பெண் அதில் மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கினாள்.

சகோதரிகளே, எழுத்து வேலை வந்தால் முதலில் ஒப்பந்தத்தை எழுதச் சொல்லுங்கள். கூலி கேட்பது பேராசையல்ல. எழுதச் சொல்லிக் கூப்பிடுகிறவர் நம் சொந்தத் தம்பியானாலும் கேளுங்கள். கேட்பதால் உறவு கெடாது. கணக்குத் தெளிவாக இருந்தால் மனக்கசப்புக்கு இடமில்லை.