போனில் நடத்தும் போர்

ஜவ்வாது மலையடிவாரச் செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் நிறைய. பலவும் ஆநிரைச் சண்டையில் செத்தவர்களுக்கு நட்டவை. எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு நின்ற நாயின் பெயரும் உண்டு: கோவிவன். அன்று சண்டை என்றால் சொந்த ஊரில் இழவு விழும்.

இன்று? சண்டை போனில், இழவு வேறு ஊரில். 2025 மே 10 அன்று இந்தியா–பாகிஸ்தான் போர்நிறுத்தத்தை அறிவித்த வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியையும் அவர் மகளையும் இணையத்தில் கண்டபடி ஏசினார்கள். காஷ்மீர் எல்லையோரப் பூஞ்சில் பீரங்கிக் குண்டுக்குக் குழந்தைகள் பலியான அதே வாரம்.

போரைத் தொடங்குவது அரசுதான். நிறுத்தினால் ஓட்டுப் போய்விடுமோ என்று அதைப் பயமுறுத்துவது நாம். அந்தப் பாவத்தில் நமக்கும் பங்குண்டு. 'விடாதே, அடி' என்று பதிவு போடுமுன் யோசியுங்கள்: பூஞ்சில் உங்கள் வீடு இருந்தாலும் அதையே எழுதுவீர்களா?