அருவித் தண்ணீர் போகும் ஊர்... வீ.கே.புதூரும் சிலம்பத்தின் காலடியும்!

சீசன் ஆரம்பித்துவிட்டால் தென்காசிக்கு வருகிற கார்கள் எல்லாம் குற்றாலத்தை நோக்கித்தான் ஓடும். அருவியில் ஒரு குளியல், பரோட்டா கடையில் ஒரு வெட்டு, அப்புறம் நேராக ஊருக்கு. அந்த அருவித் தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. சிற்றாறாகக் கிழக்கே இறங்கி, சுரண்டைக்குப் பக்கத்தில் இருக்கும் வீரகேரளம்புதூரைத் தொட்டுக்கொண்டு போகிறது அது. உள்ளூரில் ‘வீ.கே.புதூர்’ என்பார்கள். பழைய புலவர்களுக்கு ‘வீரை’.

ஊத்துமலை ஜமீன்தார்கள் குடியிருந்த ஊர் இது. இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில்தான் அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடினார். ஓலைச்சுவடி தேடி அலைந்த உ.வே.சாமிநாதையரும் இந்த ஜமீனுக்கு வந்திருக்கிறார். ஆற்றங்கரை அரண்மனை, நவநீதகிருஷ்ணசுவாமி கோயில் என்று பார்க்க நிறைய இருக்கிறது.

ஜமீன் ஆவதற்கு முன்னால் இது பாளையம். 18-ஆம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையின் மேற்குப் பாளையங்கள் பூலித்தேவர் தலைமையில் திரண்டபோது, அந்த வரிசையில் ஊத்துமலையும் இருந்தது. பாளையங்களை அடக்கி முடித்த கையோடு, 1801 டிசம்பரில் கம்பெனி அரசு ஓர் அறிவிப்பு போட்டது. வேலும் துப்பாக்கியும் யாரும் வைத்திருக்கக் கூடாது. மீறினால் மரண தண்டனை. சரி, கம்பை என்ன செய்வது? மாடு ஓட்டுகிறவர் கையிலும், வயல் காவலுக்குப் போகிறவர் தோளிலும் இருப்பது கம்புதானே!

தென்மாவட்டங்களில் கோயில் கொடை என்றால் இன்றைக்கும் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் கம்பு சுற்றுவார்கள். மேளத்துக்கு ஏற்ப விர்ரென்று சுழலும் கம்பைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள், ஆடுகிறவரின் காலைப் பார்ப்பதில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பழைய முறைப்படி கற்றுத்தரும் ஆசானிடம் போனால் முதல் நாளே கம்பு கிடைக்காது. மண்ணைத் தொட்டு வணங்கச் சொல்வார். அப்புறம் காலடி வரிசைதான். முன்னே ஒரு அடி, பக்கவாட்டில் ஒரு அடி, திரும்பி ஒரு அடி. வெறுங்காலோடு, வெறுங்கையோடு, நாள்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். பிள்ளைகள் சலித்துப்போவது இங்கேதான். ஆனால், காரணம் இருக்கிறது. கம்பு உடம்புக்குப் பின்னால் சுற்றி வரும் நேரத்தில் கால் சரியாகத் திரும்பவில்லை என்றால், அடி விழுவது சொந்த முழங்காலில். அடியின் வேகமும் மணிக்கட்டில் மட்டும் பிறப்பதில்லை. பாதம் திரும்பி, இடுப்பு திரும்பி, அப்புறம்தான் கைக்கு வருகிறது.

கம்பின் நீளத்துக்கும் கணக்கு உண்டு. தரையில் ஊன்றினால் ஆடுகிறவரின் நெற்றியைத் தொட வேண்டும். அதற்கு மேல் போனால் சுழற்றும்போது நுனி மண்ணில் தட்டும். குட்டையாக இருந்தால் எதிராளி சுலபமாக உள்ளே புகுந்துவிடுவார். சுற்று கைவந்த பிறகு வீச்சு, வெட்டு, குத்து, தடுப்பு. அதன் பிறகே மான்கொம்பும் சுருள்வாளும். சுருள்வாள் பக்கம் சிறுவர்களை விடவே மாட்டார்கள். நியாயம்தான்.

இதே பிடிவாதத்தைப் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, கொரியாவிலும் பார்க்கலாம். டேக்வாண்டோ நம்மூர்ப் பள்ளிகள் வரை வந்துவிட்டது. ‘டேக்கியோன்’ என்ற கலையைத்தான் நமக்கு அதிகம் தெரியாது. அதிலும் முதல் பாடம் காலடி. முக்கோணமாக மிதித்து, முழங்காலை வளைத்து, உடம்பைத் தாலாட்டுவதுபோல அசைக்க வேண்டும். நடுநடுவே ‘இக்! எக்!’ என்று குரல் வேறு. பார்த்தால் ஆட்டம்போல இருக்கும். அந்த அசைவிலிருந்தே சட்டென்று ஒரு கால் எதிராளியின் முகத்துக்கு எழும்பும். ஊருக்கு ஊர் திருவிழாப் போட்டியாக இருந்த டேக்கியோன், ஜப்பான் ஆட்சிக் காலத்தில் ஏறக்குறைய அழிந்தே போனது. 1893-ல் பிறந்த சோங் டியோக்-கி என்ற பெரியவர்தான் பழைய தலைமுறையின் கடைசிக் கண்ணியாக நின்றார். 1983-ல் கொரிய அரசு அதைத் தேசியப் பாரம்பரியமாக அறிவித்தபோது அவருக்கு 90 வயது. 2011-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம் கிடைத்தது.

சிலம்பத்துக்கும் நல்ல காலம் பிறந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைக்கான 3 சதவிகித விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சேர்ந்திருக்கிறது. அதனால் பெண் பிள்ளைகளையும் கம்போடு வகுப்புக்கு அனுப்ப வீடுகளில் இப்போது தயக்கம் குறைந்திருக்கிறது.

இதில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. சான்றிதழுக்கும் ரீல்ஸுக்கும் அலங்காரச் சுற்று போதும், வேகமாகக் கற்றுத்தந்துவிடலாம். எதிரில் ஆள் நின்று, கம்பின் நுனி உடம்பில் பட்டால் புள்ளி என்று ஆடும் தொடுமுறைக்கு அப்படி அவசரப்பட முடியாது. காலடி தெரியாதவர் முதல் நிமிடத்திலேயே அடிவாங்குவார். சுற்று மட்டுமே தெரிந்த ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டால், அதற்கடுத்த தலைமுறைக்குக் காலடி சொல்லித்தர ஆள் இருக்காது. கொரியாவில் ஒரே ஒரு பெரியவரை நம்பி நிற்கும் நிலை வந்ததே, அது இங்கேயும் வரலாம்.

பிள்ளையைச் சேர்க்கப்போகிற அம்மா அப்பாக்கள் கட்டணத்தைக் கேட்கும் முன்னால், “தொடுமுறை சொல்லித்தருவீர்களா?” என்று கேட்டுவிடுங்கள். முதல் மாதம் பிள்ளை வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால் கவலைப்படாதீர்கள். அடுத்த முறை குற்றாலம் வரும்போது, அரை நாள் ஒதுக்கி வீ.கே.புதூர் பக்கமும் போய் வாருங்கள். வழியில் எங்காவது கொடை நடந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஆடுகிறவரின் பாதத்தைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள்.